லாக்டுலோஸ் சிரப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூஃபாலாக், லூஸ் என்றெல்லாம் மருந்துக் கடையில் கிடைக்கும் கெட்டியான இனிப்பு சிரப்தான் லாக்டுலோஸ். மலச்சிக்கலுக்கும் இதைத்தான் எழுதுகிறார்கள். கல்லீரல் சுருங்கி நினைவு தடுமாறுபவருக்கும் இதைத்தான் எழுதுகிறார்கள். பாட்டில் ஒன்றுதான், குடிக்க வேண்டிய முறை இரண்டு. வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

கீழே தந்திருக்கும் அளவுகள் 15 மி.லி.யில் 10 கிராம் லாக்டுலோஸ் உள்ள சிரப்புக்கானவை (5 மி.லி.யில் சுமார் 3.3 கிராம்). பாட்டிலின் லேபிளில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இது சர்க்கரையா, மருந்தா?

இரண்டும்தான். பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். கேலக்டோஸும் குளுக்கோஸும் இணைந்த கூட்டுச் சர்க்கரை அது. லாக்டோஸ் கரைசலில் காரம் சேர்த்துச் சூடாக்கினால் குளுக்கோஸ் பாதி மட்டும் ஃபிரக்டோஸாக உருமாறுகிறது. அப்படிக் கிடைப்பதுதான் லாக்டுலோஸ். அணுக்களின் எண்ணிக்கை மாறுவதே இல்லை: கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11 என்பது முன்பும் பின்பும் அதேதான். மாறுவது அவற்றின் அமைப்பு மட்டுமே.

ஆனால் அந்தச் சிறு மாற்றம் நம் குடலை ஏமாற்றப் போதும். லாக்டோஸை வெட்டும் லாக்டேஸ் என்சைமால் லாக்டுலோஸை வெட்ட முடியாது. சிறுகுடலில் இருக்கும் வேறு எந்த என்சைமாலும் முடியாது. குடித்ததில் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரில் வெளியேறுகிறது. மீதி முழுவதும் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. இது மருந்தாக வேலை செய்வதே செரிக்காமல் போவதால்தான்.

பாலைக் கொதிக்க வைக்கும்போதும் கொஞ்சம் லாக்டுலோஸ் உண்டாகிறது. அதிக நேரம், அதிக சூட்டில் காய்ந்த பாலில் அது கூடுதலாக இருக்கும். பாக்கெட் பால் எந்த அளவு சூடாக்கப்பட்டது என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்க இதையே ஓர் அடையாளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

யார் கண்டுபிடித்தது?

1930-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் மான்ட்கோமரியும் ஹட்சனும் லாக்டோஸிலிருந்து இதை உருவாக்கிக் காட்டினார்கள். அப்போது அது மருந்து இல்லை, சர்க்கரை வேதியியலில் ஒரு புதிய சேர்மம், அவ்வளவே. 1957-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பெட்டூலி, குழந்தைகளின் குடலில் பிஃபிடோ வகை நல்ல பாக்டீரியாக்களை இது வளர்க்கிறது என்று சொன்னார். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் வழக்கம் அதையொட்டி வந்தது. 1966-ல் பிர்ஷரும் அவருடைய சுவிஸ் குழுவினரும் கல்லீரல் நோயாளிகளின் மூளைக் குழப்பத்துக்கு இதைப் பயன்படுத்தினார்கள். இன்று உலகம் முழுக்கக் கல்லீரல் வார்டுகளில் முதலில் எடுக்கும் பாட்டில் இதுதான்.

பெருங்குடலுக்குள் போய் என்ன செய்கிறது?

அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு இது நல்ல தீனி. அவை இதை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம், அசெட்டிக் அமிலம் போன்றவற்றையும் ஹைட்ரஜன், கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அமிலங்களும் நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரையும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வைக்கின்றன. மலம் இளகுகிறது, அளவு பெருக்கிறது, குடல் தள்ளுகிறது. மலச்சிக்கலுக்கு இது போதும்.

கல்லீரல் நோயில் தேவைப்படுவது இன்னொரு வேலை. அதைக் கீழே பார்க்கலாம்.

மலச்சிக்கலுக்கு எவ்வளவு குடிப்பது? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 30 மி.லி. வரை. ஒரே வேளையாகக் குடிக்கலாம், காலை இரவு எனப் பிரித்தும் குடிக்கலாம். தேவைப்பட்டால் மருத்துவர் 60 மி.லி. வரை கூட்டுவார். சாப்பாட்டுக்கு முன், பின் என்ற கணக்கு இதற்கு இல்லை. தினமும் ஒரே நேரத்தில் குடிப்பதுதான் முக்கியம். இனிப்பு திகட்டினால் தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கலந்துகொள்ளலாம்.

வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வோர் அளவு. போதாக்குறைக்கு சிரப் கெட்டியாக இருப்பதால் கரண்டியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றுவிடும். கோடு போட்ட மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து ஊற்றுங்கள். மூடியில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிடுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் இதை மட்டும் குடித்துப் பயனில்லை. இது உடம்பிலிருக்கும் தண்ணீரைத்தான் குடலுக்கு இழுக்கிறது. (கல்லீரல், இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.)

நேற்று இரவு குடித்தேன், காலையில் போகவில்லை. அளவைக் கூட்டலாமா?

வேண்டாம். விளக்கெண்ணெய் போல ஒரே இரவில் வேலை காட்டும் மருந்து இல்லை இது. பெருங்குடல் வரை போய், நொதித்து, தண்ணீர் இழுத்து, மலம் இளக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். முதல் நாளே அவசரப்பட்டு இரண்டு மூன்று மடங்கு குடித்தவர்களுக்கு மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு வரும். உடனே "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். ஒரே அளவை இரண்டு மூன்று நாள் குடித்துப் பார்த்துவிட்டு மாற்றுவதே முறை.

மலம் கல்லாகி அடைத்துக்கொண்டிருந்தால் லாக்டுலோஸ் மட்டும் போதாது. முதலில் எனிமாவோ வேறு மருந்தோ கொடுத்து அதை வெளியேற்ற வேண்டும். அடைப்பைச் சுற்றித் தண்ணீராகக் கசிவதைப் பார்த்து "பேதி ஆகிறது" என்று முதியவர்களுக்கு மருந்தை நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. பல நாளாகச் சரியாகப் போகாமல் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் மருத்துவர் கையால் பரிசோதித்தே ஆக வேண்டும்.

வயிறு உப்புகிறது, காற்று பிரிகிறது. பக்க விளைவா?

ஆமாம், ஆனால் எதிர்பார்த்ததுதான். நொதித்தால் வாயு வரும். முதல் சில நாள் கூடுதலாக இருந்து பிறகு பலருக்குக் குறையும். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் தொல்லை குறைவு. ஒரு வாரம் தாண்டியும் வயிறு கனமாக உப்பிக்கொண்டே இருந்தால், அல்லது வலியும் வாந்தியும் சேர்ந்தால், மருந்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். குடல் அடைப்பு இருப்பவருக்கு லாக்டுலோஸ் கொடுக்கவே கூடாது.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மருந்து உற்பத்தியாளர்களின் குறிப்பில் உள்ள வழக்கமான அளவுகள் இவை: 1 வயதுக்குள் நாளுக்கு 5 மி.லி. வரை (மருத்துவர் பார்த்த பிறகு மட்டும்), 1 முதல் 6 வயது வரை 5 முதல் 10 மி.லி., 7 முதல் 14 வயது வரை 15 மி.லி.யில் தொடங்கி பிறகு 10 முதல் 15 மி.லி. குழந்தை மருத்துவர்கள் எடைக் கணக்கிலும் கொடுப்பார்கள்: கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். 10 கிலோ குழந்தைக்கு அது 15 முதல் 30 மி.லி. ஆகும். எனவே சீட்டில் எழுதியிருப்பது மேலே சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தால் தவறு என்று நினைக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் கெடுவது அளவில் இல்லை, நாள் கணக்கில்தான். நான்கு நாள் நன்றாகப் போனதும் பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி மலம் இறுகி, போகும்போது வலித்து, பயந்து பிள்ளை அடக்கிவைக்கத் தொடங்கிவிடும். அடக்கினால் இன்னும் இறுகும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல் மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதல் குறைந்தது 2 மாதம் மருந்து தொடரச் சொல்கிறது. தொந்தரவு எதுவும் இல்லாமல் ஒரு மாதம் ஆன பிறகே, அதுவும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே வழிகாட்டுதலில் முதல் தேர்வு பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் இன்னொரு மலமிளக்கி). அது கிடைக்காதபோது லாக்டுலோஸ்.

கர்ப்பிணிகள்? பாலூட்டும் தாய்மார்கள்?

ரத்தத்தில் ஏறக்குறைய சேர்வதே இல்லை என்பதால் இருவருக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துதான். இரும்புச் சத்து மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கு இதை நிறையவே எழுதுகிறார்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். இனிப்பாக இருக்கிறதே?

இனிப்பு நாக்கில்தான், லாக்டுலோஸ் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் சிரப்பில் லாக்டுலோஸ் மட்டும் இல்லை. தயாரிப்பில் மிஞ்சிய கேலக்டோஸ், லாக்டோஸ், இதர சர்க்கரைகளும் இருக்கும், 15 மி.லி.யில் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 4 கிராம் வரை வரலாம். மலச்சிக்கலுக்கு 15 மி.லி. குடிப்பவர் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கல்லீரல் நோய்க்கு நாளுக்கு 120 மி.லி. குடிப்பவருக்கு இது 32 கிராம் வரை போகலாம் என்பதால் சர்க்கரை அளவை இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக மருந்தைக் குறைப்பது தவறு; சர்க்கரைக்கான மருந்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவருக்கு?

நல்ல தேர்வு. மெக்னீசியா பால், பாஸ்பேட் எனிமா போன்றவற்றில் இருக்கும் உப்புகள் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்றப்படாமல் ரத்தத்தில் தேங்கும். லாக்டுலோஸில் அந்த ஆபத்து இல்லை.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கு இது போதுமா?

தனியாகப் போதாது. மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. மலத்தை இளக்கினால் மட்டும் அது நகராது. சென்னா, பிசகோடில் போன்று குடலைத் தூண்டும் மருந்தும் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வலி தணிப்புச் சிகிச்சைக்கான மருந்துகளில் லாக்டுலோஸும் இருக்கிறது.

பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி இதைவிட நல்லதாமே?

சாதாரண நாள்பட்ட மலச்சிக்கலுக்கு, ஆமாம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2010-ம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அறிக்கை பொடிக்கே சாதகமாக முடிந்தது. மலம் கூடுதலாகப் போகிறது, வேறு மருந்தும் குறைவாகத் தேவைப்படுகிறது. நொதிக்காததால் வாயுத் தொல்லையும் குறைவு. லாக்டுலோஸில் நன்றாக இருப்பவர் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

அப்பாவுக்கு மலச்சிக்கலே கிடையாது. கல்லீரல் டாக்டர் ஏன் இதை எழுதினார்?

இந்தப் பக்கத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது.

நாம் சாப்பிடும் புரதத்தைக் குடல் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. குடலின் செல்களும் கொஞ்சம் உண்டாக்குகின்றன. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். கல்லீரல் சுருங்கிப்போனால் (சிரோசிஸ்) இரண்டு கோளாறு சேர்ந்து வரும். அம்மோனியாவை மாற்றும் திறன் குறைகிறது. குடலிலிருந்து வரும் ரத்தமும் கல்லீரலைச் சுற்றிப் பக்க வழியில் போய்விடுகிறது. அம்மோனியா நேராக மூளைக்குப் போகிறது. மறதி, எரிச்சல், உளறல், கடைசியில் கோமா வரை கொண்டுபோகும் இந்த நிலைக்கு ஹெபாட்டிக் என்செஃபலோபதி என்று பெயர்.

லாக்டுலோஸ் நொதித்து வரும் அமிலத்தால் பெருங்குடலின் பி.எச். (அமிலத் தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் கூடுதல்) சுமார் 7-லிருந்து 5 வரை இறங்கும். அந்த அமிலச் சூழலில் அம்மோனியா ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியா குடல் சுவரைத் தாண்டும், அம்மோனியத்தால் அவ்வளவு எளிதில் தாண்ட முடியாது. குடலுக்குள்ளேயே சிறைப்பட்டு மலத்தோடு வெளியேறுகிறது. கூடவே பாக்டீரியாக்கள் தாங்கள் பெருகுவதற்கு அந்த நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. மலம் வேகமாகப் போவதால் அம்மோனியா உறிஞ்சப்படும் நேரமும் குறைகிறது.

ஆக, இங்கே லாக்டுலோஸ் மலம் போக வைக்கும் மருந்து இல்லை, மூளைக்குப் போகும் நஞ்சைத் தடுக்கும் மருந்து. "நேற்றிலிருந்து நன்றாகப் போகிறது, இனி எதற்கு?" என்று நிறுத்துவது, ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துவதற்குச் சமம். டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. என்செஃபலோபதியிலிருந்து ஒருமுறை மீண்டவர்களில், லாக்டுலோஸ் தொடர்ந்து எடுத்தவர்களில் 19.6 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 46.8 சதவீதத்தினருக்கும் அது மறுபடி வந்தது.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது?

வழக்கமாக 30 மி.லி. வீதம் நாளுக்கு இரண்டு மூன்று வேளை என்று தொடங்குவார்கள். நோயின் தீவிரத்தைப் பொறுத்து 30 முதல் 45 மி.லி. வீதம் மூன்று நான்கு வேளை வரை போகும். ஆனால் மி.லி. தொடக்கப் புள்ளி மட்டுமே. சரியான அளவு எது என்பதை மலம்தான் சொல்லும்: 24 மணி நேரத்தில் 2 முதல் 3 முறை, நன்கு பழுத்த வாழைப்பழப் பதத்தில். ஒருவருக்கு அதற்கு 45 மி.லி. போதும், இன்னொருவருக்கு 150 தேவைப்படும். அதே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் மாறும்.

எனவே சமையலறைக் காலண்டரிலேயே தினமும் இரண்டு எண் எழுதுங்கள்: எத்தனை மி.லி. குடித்தார், எத்தனை முறை போனார். மதியம் வரை ஒருமுறைகூடப் போகவில்லை என்றால் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது, நான்கு தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் எந்த வேளையை விடுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிவையுங்கள். இரவு பதினோரு மணிக்கு யாரையும் தொடர்புகொள்ள முடியாமல் தவிப்பதைவிட இது மேல்.

கையிருப்பையும் கணக்குப் போடுங்கள். 30 மி.லி. வீதம் மூன்று வேளை என்றால் 200 மி.லி. பாட்டில் இரண்டு நாளைக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். திருமணம், ஊர்ப் பயணம், பண்டிகை விடுமுறை என்று இரண்டு நாள் விட்டுப்போய், மூன்றாம் நாள் உளறலோடு அவசர சிகிச்சைக்கு வருபவர்கள் உண்டு.

தொடக்கத்தில் வேறு பேதி மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அந்த மருந்தால் மலம் இளகியதைப் பார்த்து லாக்டுலோஸ் அளவு போதும் என்று ஏமாந்துவிடுவோம். குடலில் அமிலமோ சேர்ந்திருக்காது.

அதிகம் போனால் நல்லதுதானே, நஞ்சு முழுக்க வெளியேறுமே?

இல்லை. நாளுக்கு ஆறு ஏழு தடவை தண்ணீராகப் போனால் உடலில் நீர் வற்றும், சோடியம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே கூடுதலாக அம்மோனியாவை உண்டாக்கும். எந்தக் குழப்பத்தைத் தடுக்கக் கொடுத்தோமோ, அதே குழப்பம் மருந்தாலேயே வந்துவிடும். வயிற்றில் நீர் கோத்தவர்கள் சிறுநீர் போக மாத்திரையும் எடுப்பதால் இவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. மிகவும் சோர்ந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்தால் அன்றே ரத்தத்தில் உப்புகளைப் பரிசோதிக்க வேண்டும்.

குழப்பம் தொடங்குவதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கெடுவது தூக்கம். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பார். பிறகு கணக்கு தடுமாறும், கையெழுத்து கோணும், சட்டை பொத்தான் மாறிப் போகும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கை அடிக்கடி கீழே விழுந்து எழும்பினால் உடனே காட்ட வேண்டும். தினமும் செய்தித்தாளில் ஒரு தேதியோ தலைப்போ படிக்கச் சொல்வதும் நல்ல சோதனை. இந்த அறிகுறி இருப்பவர் வண்டி ஓட்டக்கூடாது.

அளவு சரியாக இருந்தும் குழப்பம் வந்தால் லாக்டுலோஸைக் குறைசொல்லிக்கொண்டிருக்காமல் காரணத்தைத் தேட வேண்டும்: காய்ச்சல் அல்லது வயிற்று நீரில் தொற்று, ரத்த வாந்தி, கறுப்பு மலம், தூக்க மாத்திரை, உப்பு ஏற்றத்தாழ்வு. ரத்த வாந்தி, கறுப்பு மலம், எழுப்பினால் எழாத மயக்கம் மூன்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனை. தூங்கி வழிபவருக்கு வாயில் சிரப் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ரத்தத்தில் அம்மோனியா அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கலாமா?

கூடாது. அந்த எண்ணும் நோயாளியின் நிலையும் ஒன்றாக நகர்வதில்லை. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே சோதிக்காவிட்டால் எண் பொய்யாக ஏறியும் காட்டும். நினைவுத் தெளிவையும் மலத்தையும் பாருங்கள்.

மருத்துவமனையில் எனிமாவாகக் கொடுத்தார்கள். எப்படி, ஏன்?

விழுங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு மூக்கு வழிக் குழாயிலோ ஆசனவாய் வழியாகவோ கொடுப்பார்கள். எனிமாவுக்கு 300 மி.லி. சிரப்பில் 700 மி.லி. தண்ணீரோ சலைனோ கலந்து மொத்தம் 1 லிட்டராக்குவார்கள். நோயாளியை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, பலூன் உள்ள குழாய் வழியாக மெதுவாக ஏற்றி, 30 முதல் 60 நிமிடம் உள்ளே நிறுத்த வேண்டும். பலூன் இல்லாவிட்டால் அரைமயக்கத்தில் இருப்பவரால் அடக்கிவைக்க முடியாது. ஊற்றியது எல்லாம் படுக்கையில்தான். அரை மணிக்குள் வெளியேறிவிட்டால் உடனே மறுபடி கொடுக்கலாம். இல்லையென்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. தெளிந்து விழுங்கத் தொடங்கியதும் வாய் வழிக்கு மாறுவார்கள். எனிமா நிறுத்துவதற்கு முன்பே வாய் வழி தொடங்கிவிட வேண்டும்.

இதற்குச் சோப்பு நீர் எனிமா கொடுக்கவே கூடாது. சோப்பு காரம். அமிலமாக்க வேண்டிய குடலைக் காரமாக்கினால் அம்மோனியா விடுதலையாகி ரத்தத்துக்குள் போகும். இந்தக் கலவையை வீட்டில் முயல வேண்டாம்.

சில மருத்துவமனைகளில் லாக்டுலோஸுக்குப் பதில் 4 லிட்டர் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் கொடுப்பார்கள். 2014-ல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் 24 மணி நேரத்துக்குள் தேறியவர்கள் அதில் 91 சதவீதம், லாக்டுலோஸில் 52 சதவீதம். அவசர நேரத்துக்கு அது நல்ல வழி. வீட்டில் தொடர்ந்து எடுக்க இடம் பிடித்திருப்பது இன்னும் லாக்டுலோஸ்தான்.

ரிஃபாக்ஸிமின் மாத்திரையும் எழுதியிருக்கிறார். இனி சிரப் வேண்டாமா?

வேண்டும். குடலுக்குள்ளேயே வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக்கான ரிஃபாக்ஸிமின் 550 மி.கி. காலை இரவு எடுப்பது லாக்டுலோஸுக்கு மேல் ஒரு காவல். 2010-ல் வெளியான பெரிய ஆய்வில் இந்த மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதத்தினருக்கும் ஆறு மாதத்தில் குழப்பம் திரும்பியது. இரு தரப்பிலும் பத்தில் ஒன்பது பேர் லாக்டுலோஸும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

புரதத்தால்தானே அம்மோனியா? பருப்பு, முட்டையை நிறுத்திவிடலாமா?

அது பழைய அறிவுரை, கெடுதலும் கூட. கல்லீரல் செய்ய முடியாத வேலையில் ஒரு பங்கைத் தசை செய்கிறது. அதுவும் அம்மோனியாவைப் பிடித்து மாற்றும். புரதத்தை நிறுத்தினால் தசை கரையும், குழப்பம் கூடும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, பால், தயிர் போன்ற சைவப் புரதங்கள் நன்றாகத் தாங்கும். இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும்; நீண்ட நேரம் வெறும் வயிறு கூடாது.

மூச்சுப் பரிசோதனைக்கு லாக்டுலோஸ் குடிக்கச் சொன்னார்கள். அது என்ன?

இங்கே இது மருந்து இல்லை, சோதனைப் பொருள். மனித செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை, பாக்டீரியாதான் உண்டாக்கும். 10 கிராம் லாக்டுலோஸ் குடித்துவிட்டு குறித்த இடைவெளியில் மூச்சை ஊதினால், 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கலாம் என்று கணிப்பார்கள். சோதனைக்கு முன் 4 வாரம் ஆன்டிபயாட்டிக், 1 வாரம் மலமிளக்கி கூடாது. முந்தைய நாள் நார்ச்சத்து குறைந்த உணவு, இரவு முழுதும் பட்டினி. இதன் குறை, லாக்டுலோஸ் சிலருக்குச் சீக்கிரமே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து, நோய் இல்லாதவரையும் இருப்பதாகக் காட்டிவிடுவது. லாக்டுலோஸுக்குப் பதில் குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்யும் மூச்சுச் சோதனையை விரும்பும் மருத்துவர்கள் சொல்லும் காரணம் அதுதான்.

குடல் சுவர் கசிகிறதா என்று பார்க்க லாக்டுலோஸையும் மானிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை வகையையும் சேர்த்துக் குடிக்க வைத்து, சிறுநீரில் எது எவ்வளவு வருகிறது என்று அளக்கும் முறையும் உண்டு. எட்டு நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த மால்-எட் ஆய்வில் இது பயன்பட்டது. அந்த எட்டு மையங்களில் வேலூரும் ஒன்று.

யார் எடுக்கக்கூடாது?

கேலக்டோசீமியா (கேலக்டோஸை உடல் பயன்படுத்த முடியாத பரம்பரைக் கோளாறு) உள்ளவர்கள், குடல் அடைப்போ ஓட்டையோ உள்ளவர்கள் எடுக்கவே கூடாது. ஃபிரக்டோஸ் ஒவ்வாத பரம்பரைக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் இதைத் தாங்குவார்கள், வாயு மட்டும் கூடலாம். டிகாக்ஸின் என்ற இதய மருந்தை எடுப்பவர்கள் பேதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்து இதயத்துக்கு நஞ்சாகும். அமிலம் குறைக்கும் ஜெல்கள் (மெக்னீசியம், அலுமினியம் வகை) பெருங்குடலில் நாம் விரும்பும் அமிலத் தன்மையையும் குறைக்கும் என்பதால் கல்லீரல் நோயாளிகள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பெருங்குடல் எண்டோஸ்கோப்பிக்குப் போகிறவர்கள் லாக்டுலோஸ் எடுப்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். குடலில் ஹைட்ரஜன் தேங்கியிருக்கும்போது மின்கருவியால் கட்டி நீக்கினால் தீப்பொறி பட்டு வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் குடலைச் சுத்தம் செய்யும் வேலையை லாக்டுலோஸிடம் விடுவதில்லை. நொதிக்காத கரைசல் கொண்டு முழுதாகக் கழுவுகிறார்கள்.

பாட்டிலில் சிரப் கறுத்துவிட்டது. தூக்கிப்போட வேண்டுமா?

இளம் மஞ்சள் நிறம் நாள்பட லேசாகப் பழுப்பாவது சர்க்கரைக் கரைசலின் இயல்பு, மருந்தின் வீரியம் போகாது. நன்றாகக் கறுத்திருந்தால், கலங்கியிருந்தால் குடிக்காதீர்கள். ஃபிரிட்ஜ் தேவையில்லை, குளிரில் ஊற்ற முடியாத அளவுக்குக் கெட்டியாகும், அறை வெப்பத்துக்கு வந்ததும் சரியாகும். உறைய விடக்கூடாது. வெயில் படும் ஜன்னலோரமும் காருக்குள்ளும் வேண்டாம். மூடியின் மரையில் வழிந்த சிரப்பைத் துடைத்துவிட்டு மூடுங்கள்; இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும், அடுத்த முறை மூடி திறக்கவும் வராது.